கடை நம்பருக்கு வந்த ஆறு இலக்கங்கள்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் நாலே நாலு பேர். கல்லாவில் முதலாளி. ரிப்பேர் மேசையில் நான். போன் கண்ணாடி மாற்றக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் காத்திருந்த தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர், ஐ.டி. வேலைக்காரர். நாலாவதாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் எங்கள் வாடிக்கையாளர் வதனியின் கணவர். கடை நிறைய ஆட்கள் பார்த்திருக்க நான் தன்னை அவமானப்படுத்தினேன் என்று முதலாளி பிறகு சொல்லித் திரிந்தார். அதனால்தான் கணக்காக எழுதுகிறேன். நாலு பேர்.

1. கொப்பி

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் அந்தக் கடை. சிம், டாப் அப், கண்ணாடி மாற்றல், ஆன்லைன் ஃபோம் நிரப்பல். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அங்கே பதினொரு வருட வேலை. அடுப்பை நிறுத்தினேனா என்று பஸ் ஸ்டொப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவனை இந்தத் தொழிலில் விட்டது பாவம்.

புதிதாக மெயில் திறந்தால், பாஸ்வேர்டை மறந்தால் கோட் அனுப்ப ஒரு போன் நம்பர் கேட்கும். எங்கள் ஆட்கள் ஒஃபர் பார்த்து சிம் மாற்றுகிறவர்கள், சொந்த நம்பர் ஆறு மாதம் நிலைக்காது. ஆகவே முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். எல்லாருக்கும் கடை நம்பரையே போடு. பாஸ்வேர்டை நோட்டுக் கொப்பியில் எழுது. மறந்துவிட்டு வந்தால், கோட் எடுத்துக் கொடுக்க ஐந்து பவுண்.

சனங்களுக்கும் இது பெரிய வசதி. மகளுக்குக் கலியாணம் பேசினால் நாவூறு படும் என்று கூடப்பிறந்தவருக்கே சொல்லாதவர்கள் இவர்கள். வீடு என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டால் திடீரென்று காது கேட்காது. அதே ஆட்கள், பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்க, பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாக உரத்துச் சொல்வார்கள். பாதிப் பேருடையது முருகனும் பிறந்த வருடமும். மற்றப் பாதி மூத்த பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும். இது நல்லதில்லை என்று நான் முணுமுணுத்தால் எல்லாரிடமும் ஒரே பதில்: “எனக்கு ஒளிக்க என்ன கிடக்கு?”

ஒளிக்க ஒன்றுமில்லாதவர்கள் வீட்டில் யன்னல் சீலை ஏன் போடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

2. அந்த மத்தியானம்

வதனி முதியோர் கெயார் ஹோமில் வேலை செய்பவர். இரண்டு கிழமைக்கு முன் சார்ஜர் வாங்க வந்தபோது, வீட்டை விட்டு வந்துவிட்டதாகவும் மோர்டன் பக்கம் ஒரு அறையில் இருப்பதாகவும் என்னிடம் மட்டும் சொன்னார். அந்த அறையின் ஒப்பந்தம் மெயிலில் வந்திருந்தது. ஃபோனில் அதைக் காட்டித்தான் விலாசம் மாற்றும் ஃபோம் ஒன்றை என்னைக் கொண்டு நிரப்புவித்தார். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய மெயிலுக்கும் மீட்பு நம்பராக இருந்த கடை நம்பரை அப்போதே மாற்ற எனக்குத் தோன்றவில்லை. பதினொரு வருட அனுபவம்.

கணவர் அன்றைக்கு மிகவும் மரியாதையாகத்தான் வந்தார்.

“மனிசியின்ர மெயில் திறக்கேலாமல் கிடக்கு. கோட் உங்கட கடை நம்பருக்குத்தான் வருமாம். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

சொல்லிக்கொண்டே தன் போனில் பட்டனை அழுத்தினார். என் கைக்குப் பக்கத்தில் கடை போன் அதிர்ந்தது. ஆறு இலக்கம். ஒரு பெண் எங்கே படுத்து எழும்புகிறாள் என்பதற்கான வழி, ஊறுகாய்ப் போத்தலுக்கும் சிம் அட்டைக்கும் நடுவில் கிடந்தது.

“சொல்லு குணம், அவற்ர மனிசிதானே” என்றார் முதலாளி, ஐந்து பவுணுக்குக் கல்லாவைத் திறந்துகொண்டே.

ஸ்டூலில் இருந்த தம்பி தலையை நிமிர்த்தினார். “அண்ணா, அது அவங்க மெயில்தானே? அவங்களே வந்து கேக்கட்டுமே.”

“தம்பி, உங்கட கண்ணாடி அரை மணித்தியாலத்தில முடியும்” என்றார் முதலாளி.

ஏலாது என்று முகத்துக்கு நேரே சொல்கிற தைரியம் எனக்கில்லை. இலக்கங்களை வாசித்தேன், நடுவில் இரண்டை மாற்றி. பிழை என்றது. திரும்ப வாசித்தேன், வேறு இரண்டை மாற்றி. மூன்றாம் முறையும் பிழையானதும், இனி நாளைக்குத்தான் முயற்சிக்கலாம் என்று பக்கம் பூட்டிக்கொண்டது. என் கண் பழுது, மூக்குக்கண்ணாடி போட வேண்டும் என்று கணவர் சொல்லிவிட்டுப் போனார். போகட்டும்.

பின்பக்கம் போய் வதனிக்குப் போன் அடித்தேன். வேலையிடத்து பிரேக்கில் எடுத்தார். மெயில் செட்டிங்கில் கடை நம்பரை எடுத்துவிட்டுத் தன் புது நம்பரைப் போடச் சொன்னேன், பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னேன். செய்தார். பிறகு கேட்டார்:

“அண்ணை, அந்த வீட்டில என்ர பழைய டப்லெட் கிடக்கு. மெசேஜ் எல்லாம் அதிலயும் வருமோ?”

வரும். மெசேஜ் அப்பில், இணைத்த சாதனங்கள் என்ற இடத்தைத் திறக்கச் சொன்னேன். டப்லெட் அங்கே இருந்தது, அன்று காலைதான் கடைசியாகத் திறந்ததாக நேரமும் போட்டிருந்தது.

“அப்ப இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்” என்றார் வதனி, டப்லெட்டை அங்கிருந்து நீக்கிக்கொண்டே. விலாசத்தை அவர் ஒருவருக்கும் மெசேஜில் எழுதவில்லை. அது வெறும் அதிர்ஷ்டம்.

3. பிறகு

மறுநாள் கணவர் வந்து திரும்ப முயன்றபோது, கோட் போகும் இடமாக வேறு நம்பரின் கடைசி இலக்கங்கள் அவருடைய போனில் தெரிந்தன. முதலாளி கடை போனைத் திறந்து முதல் நாள் கோட்டைப் பார்த்தார். நான் வாசித்ததை நினைத்துப் பார்த்தார். கணவர் போனதும் என் பக்கம் திரும்பினார்.

“புருசன் பெஞ்சாதிக்கு நடுவில நீ ஆர்?”

“அது அவவின்ர மெயில், அண்ணை.”

“நம்பர்தான்ரா என்ர வியாபாரம்.”

முதலாளி உண்மையைச் சொன்ன ஒரே தடவை அது. அவர் விற்றது சிம் இல்லை. இந்தச் சனங்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்க வேண்டிய நிலையை விற்றார்.

அதன்பின் மூன்று கிழமை, கொப்பியில் உள்ளவர்களுக்கு என் சொந்தப் போனிலிருந்து ஒவ்வொருவராக அடித்தேன். நம்பரை மாற்றுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், இனி எனக்கும் சொல்லாதீர்கள். நன்றி சொன்னவர்கள் சிலர். மற்றவர்களுக்கு என் மேல்தான் சந்தேகம், ஏதோ திருட்டுக் கோல் என்று இரண்டு பேர் போனை வைத்துவிட்டார்கள். பாஸ்வேர்டைக் கேட்டால் தருகிறார்கள். கேட்காதவனைத்தான் நம்ப மாட்டார்கள்.

வதனி மாதம் சிறு தொகை வாங்குகிற, விளம்பரம் காட்டாத ஒரு மெயிலுக்கு மாறினார். கடிதத்தை வாசித்துப் பிழைக்கிற தேவை அந்தக் கம்பெனிக்கு இல்லை. இதைச் சொன்னால், “காசு குடுத்து மெயிலோ?” என்று சிரித்தவர் நாடகம் பார்க்க மூன்று சானலுக்குப் பணம் கட்டுகிறவர். நானும் தொடர்பு லிஸ்ட்டைக் கேட்காத ஒரு மெசேஜ் அப்புக்கு மாறினேன். என் சொந்தக்காரர் பதினொரு பேரையும் கூப்பிட்டேன். அங்கே காலை வணக்கப் படம் அனுப்ப ஆள் இல்லையாம். ஒருவரும் வரவில்லை. வதனி மட்டும் வந்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. எந்த சேர்விஸ் ஆனாலும், பூட்டு எவ்வளவு பெரியது என்பதை விளம்பரம் சொல்லும். மறந்துபோனால் ஆர் திறந்து தருவார், அவர் எதில் பிழைக்கிறார் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்காமல் பதினொரு வருடம் நானே அந்த ஆளாக இருந்தேன்.

கொப்பியைக் கடை ஷ்ரெடரிலேயே போட்டேன். அட்டை சிக்கி மெஷின் நின்றுவிட்டது, அப்படித்தான் பிடிபட்டேன். மாத முடிவுக்கு ஒரு கிழமை இருக்க வேலை போயிற்று. கொப்பியைக் கொண்டுவா, சம்பளத்தை வாங்கு என்கிறார் முதலாளி. அது துண்டுதுண்டாகப் பச்சைக் குப்பைத் தொட்டியில் போனது அவருக்கும் தெரியும்.

மூன்று கிழமைச் சம்பளம். அவர் இன்னும் தர வேண்டியது ஆயிரத்து நூற்று நாற்பது பவுண்.