பாட்டிலக்கா அடிச்ச நிஜ அடி

பாட்டிலக்கான்னா எங்க ஓட்டல்ல மேனேஜருக்கும் தெரியும், நீச்சல் குளத்துல மெதக்குற பிளாஸ்டிக் வாத்துக்கும் தெரியும். குடிக்கிற ஆளுன்னு நெனச்சுடாதீங்க. பாட்டில் செய்யுறவங்க. அதுவும் சர்க்கரையில.

எங்க ஓட்டல் ஒரு தினுசு. எல்லாமே தாத்தா காலத்துது மாதிரி இருக்கணும்னே புதுசா கட்டினது. வாசல்ல திமிங்கலம் சைசுக்கு ஒரு கார் நிக்கும், உள்ள இஞ்சின் கெடையாது. தரையெல்லாம் கறுப்பு வெள்ளைக் கட்டம். வெரல விட்டு சுத்துற போன், காசு போட்டா பாடுற பொட்டி. பக்கத்துல இருக்குற ராட்டின பூங்காவுக்கு வர்ற குடும்பமெல்லாம் இங்கதான் தங்கும். அந்த ரோலர் கோஸ்டர் எங்க மதில் ஓரமாத்தான் தலைகீழா தொங்கிட்டுப் போகும். காலையில கேட்டத் தெறந்ததுலேர்ந்து ஐயோ அம்மான்னு ஒரே அலறல். அதனால எங்க ஓட்டல்ல யாரு கத்தினாலும் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இத மட்டும் மனசுல வெச்சுக்கங்க.

தெனம் சாயங்காலம் சாப்பாட்டு ஹால்ல ஒரு சண்டை ஷோ நடக்கும். பழைய காலத்து சாராயக் கடையில அடிதடி நடக்குற மாதிரி. அதுல அடி வாங்குற வேல என்னுது. என் மண்டையில ஒடஞ்ச பாட்டில அடுக்கினா நெலாவுக்கே ஏணி போடலாம். ஒண்ணும் வலிக்காது. அக்கா கை அப்படி. சர்க்கரையப் பாகு காய்ச்சி, பச்சை கலரு சேத்து, ரப்பர் அச்சுல ஊத்தி எடுத்தா நெசப் பாட்டிலே தோத்துப் போகும். நாற்காலிக் காலையெல்லாம் முன்னாடியே அறுத்து, பல்லுக்குச்சி சொருகி நிறுத்தி வெச்சிருப்பாங்க. ஷோவுக்கு முன்னாடி கவுண்டர்ல இருக்குற ஒவ்வொரு பாட்டிலையும் நகத்தால தட்டிப் பாப்பாங்க. கண்ணாடின்னா டிங்குன்னு பாடும். சர்க்கரைன்னா டொக்குன்னு ஊமையா கெடக்கும்.

ஷோ முடிஞ்சதும் குளத்துலேர்ந்து ஈரக்காலோட வந்து உக்காந்திருக்குற பிள்ளைங்கெல்லாம் பாஞ்சு வந்து ஒடஞ்ச துண்டப் பொறுக்கித் தின்னுங்க. எறும்புக்குக்கூட மிச்சம் வைக்காதுங்க.

இப்படி வலிக்காத சாமானா செய்யுற அக்கா பொறந்த வீட்டுக் கதையக் கேளுங்க. அந்த வீட்டுல தட்டு தரையில இருந்த நேரத்தவிட காத்துல பறந்த நேரம்தான் அதிகம். அப்பன்காரன் பெல்ட்ட இடுப்புல கட்டினதவிட கையில புடிச்சதுதான் ஜாஸ்தி. அக்கா புருவத்துல பூரான் மாதிரி ஒரு தழும்பு இருக்கும், அது செம்பு பறந்த அன்னைக்கு வந்தது. முன்பல்லு ஒண்ணு பாதிதான். அது தங்கச்சிக்கு விழ வேண்டிய அடி, அக்கா குறுக்க போயி வாங்கிக்கிட்டது.

அந்தத் தங்கச்சிய ஒரு கறிக்கடைக்காரனுக்குக் கட்டி வெச்சாங்க. அவன் கையி என் தொடை மொத்தம். குழம்புல உப்பு கூடினாலும் அடி, கொறஞ்சாலும் அடி, சரியா இருந்தா எவனுக்காகடி ருசியா ஆக்குனன்னு அதுக்கும் அடி. ஒருநாளு அவ வெரல கடை ஐஸ்பொட்டிக் கதவுல வெச்சு அறஞ்சு மூடிட்டான். ரெண்டு வெரல் இன்னிக்கும் மடங்காது. அதோட அவ ஒரு துணிப்பையத் தூக்கிட்டு அக்காகிட்ட ஓடியாந்துட்டா. அக்கா மேனேஜர் கால்ல விழாத கொறையா பேசி, துணி மடிக்கிற எடத்துல வேல வாங்கிக் குடுத்தாங்க. ராட்டினத்துல ஒவ்வொரு தடவ அலறல் கேக்கும்போதும் அந்தப் பொண்ணு மடிச்ச துண்டக் கீழ போட்டுடும்.

கறிக்கடைக்காரன் ஆள் விட்டுச் சொல்லிட்டான், உசுரோடயோ பொணமாவோ அவள இழுத்துட்டுத்தான் போவேன்னு. அன்னியிலேர்ந்து அக்கா கவுண்டர் கடைசியில ஒரு நெசப் பாட்டில வெச்சுட்டாங்க.

“தம்பி, கடைசி பாட்டில் கண்ணாடி. அத மட்டும் யாரும் தொடக்கூடாது, பாத்துக்க.”

“சண்ட போடும்போது நான் பாட்டில எண்ணிக்கிட்டா இருப்பேன் அக்கா?”

“எண்ணு. மண்டை உன்னுதுதான?”

கடைசியில வந்தே வந்துட்டான். பகலெல்லாம் குளிக்க வந்தவன் மாதிரி கையில ஓட்டல் பட்டையக் கட்டிக்கிட்டு உள்ள வந்திருக்கான். துணி மடிக்கிற ரூம்புல போயி அவ முடியக் கொத்தாப் புடிச்சு இழுத்திருக்கான். பின்வாசல்ல பால் வண்டி குறுக்க நின்னுருக்கு. அதனால ஹால் வழியா இழுத்துட்டு வந்தான். அங்க நாங்க ஷோவுல பாதி சண்டையில இருக்கோம்.

ஹால் மொத்தமும் கைதட்டுது. இவ்வளவு தத்ரூபமா ஒரு வில்லன அவங்க பாத்ததே இல்ல. அவ அலறுறா, வெளிய ராட்டினமும் அலறுது, ஜனம் விசிலடிக்குது.

எங்க ஷோ ஹீரோ பாஞ்சு போயி அவன் மூஞ்சிக்கு ஓங்கி ஒரு குத்து விட்டாரு. வருசக்கணக்கா பழகின கை, மூக்குக்கு ஒரு வெரக்கட முன்னாடி தானா நின்னுருச்சு. கறிக்கடைக்காரன் அந்தக் கைய ஒரு பார்வ பாத்தான், அப்புறம் பதிலுக்கு ஒண்ணு விட்டான். ஹீரோ மூக்கு எடம் மாறிடுச்சு. அடுத்து நான் ஓடினேன். அவன் கால ஓங்கினான், அடி வந்து சேர்றதுக்குள்ள பழக்கத்துல நானே பல்டி அடிச்சு விழுந்துட்டேன். அவன் சாவகாசமா நடந்து வந்து என் வெலாவுல ஒதச்சான். உள்ள எலும்பு முறுக்கு மாதிரி நொறுங்குற சத்தம் எனக்கே கேட்டுச்சு. ரத்தம் கக்குறேன், ஒரு அம்மா எழுந்து நின்னு கைதட்டுது.

அக்கா அடுப்படியிலேர்ந்து வந்தாங்க.

“விடுங்க மாப்ள.” மெதுவாத்தான் சொன்னாங்க.

அவன் கைக்குக் கெடச்ச பாட்டில எடுத்து அக்கா மண்டையில போட்டான். தூளாச்சு. இன்னொண்ணு. அதுவும் தூளு. நாற்காலியத் தூக்கி முதுகுல அடிச்சான், கால் நாலும் நாலு பக்கம் போச்சு. அக்கா முடியெல்லாம் பச்சை சர்க்கரை, உதட்டுல ஒட்டினத நக்கிக்கிட்டு அப்படியே நிக்கிறாங்க. அவனுக்கு வெறி தலைக்கேறிடுச்சு. ஒரு கையில தங்கச்சி முடிய மணிக்கட்டுல சுத்திக்கிட்டான், இன்னொரு கையால கழுத்த நெரிச்சான். அவ கண்ணு ரெண்டும் வெளிய வருது, காலு தரையில தேயுது.

அக்கா கவுண்டர் கடைசிக்குப் போயி நகத்தால ஒரு தட்டு தட்டினாங்க. டிங். பாட்டில ஓங்கிட்டாங்க.

ஓங்கின கை அப்படியே நின்னுச்சு. முன்வரிசையில பிள்ளைங்க ஈரக்கால மடக்கிக்கிட்டு, ஓட்டப் பந்தயத்துல நிக்கிற மாதிரி பாய ரெடியா குந்தியிருக்குதுங்க. இந்தப் பாட்டில் ஒடஞ்சா அந்தக் கண்ணாடியையும் பொறுக்கி வாயில போட்டுக்குங்க.

அக்கா பாட்டில எடுத்த எடத்துலயே வெச்சாங்க. பக்கத்துல இருந்த சுத்துற போனத் தூக்கினாங்க. அது நெசமாவே அந்தக் காலத்துப் போன், கனம் ஒரு குட்டி யானை இருக்கும். மொதல் அடி முடியச் சுத்தியிருந்த மணிக்கட்டுல. மட்டைய முறிச்ச சத்தம். ரெண்டாவது தாடையில. போன் உள்ளுக்குள்ள டிரிங்குன்னு ஒரு தடவ அடிச்சுது. அவன் கறுப்புக் கட்டத்துல விழுந்து வெள்ளைக் கட்டத்துல ரத்தம் துப்பினான். எந்திரிக்கக் கையத் தரையில ஊணினான்.

“இது அந்த ரெண்டு வெரலுக்கு,” அப்படின்னு சொல்லி ஊணின கை மேலயே மூணாவது தடவ போட்டாங்க.

தங்கச்சிய இழுத்து மடியில போட்டுக்கிட்டாங்க. அவளுக்கு மூச்சு வர்றதுக்குள்ள எனக்கு மூச்சு போயிடுச்சு. ஜனமெல்லாம் எழுந்து நின்னு கைதட்டுது. பிள்ளைங்க பாஞ்சு வந்து பொறுக்குதுங்க. ஒரு குட்டிப் பொண்ணு எதையோ நக்கிப் பாத்துட்டு, படுத்துக் கெடந்த என்கிட்ட கொண்டாந்து நீட்டுச்சு.

“மாமா, இது இனிக்கல.”

கறிக்கடைக்காரனோட கடவாப் பல்லு.

போலீஸ் வந்து அவன ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனப்பத்தான் ஹால்ல கைதட்டு நின்னுச்சு. ஆஸ்பத்திரியில தாடைக்குக் கம்பி கட்டி, நேரா ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்க. கறி தின்ன வாயி இப்ப கஞ்சிய உறிஞ்சுதாம். மேனேஜர் தலையச் சொறிஞ்சுக்கிட்டே வந்து, அந்தப் போன் அடியையும் தெனம் ஷோவுல சேத்துக்கலாமான்னு கேட்டாரு. அக்கா பாத்த பார்வையில அவரு கழுத்து டையே தானா அவுந்துடுச்சு. அந்தக் கண்ணாடிப் பாட்டில அன்னிக்கே குப்பையில போட்டாங்க. என் மண்டை இப்ப நிம்மதியா தூங்குது.

போன வாரம் கறிக்கடைக்காரனோட அண்ணன் அடுப்படி வாசல்ல வந்து நின்னு, அவன் வெளிய வந்ததும் உங்க ரெண்டு பேரையும் பாத்துக்குறானாம்னு சேதி சொன்னான். அக்கா பாகு கிண்டிக்கிட்டே இருந்தாங்க, தலைகூட நிமிரல.

“வரட்டும். வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணச் சொல்லு.”

பக்கத்துல உக்காந்து துண்டு மடிச்சுக்கிட்டிருந்த தங்கச்சி கெக்கெக்கேன்னு சிரிச்சுது. அது சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அந்த நேரம் பாத்து ராட்டினம் தலைகீழா போச்சு, அத்தன பேரும் அலறுனாங்க. துண்டு கீழ விழல.