தீர்ப்பு சொல்லாத நர்ஸம்மா

ஜெயபாக்கியம் எங்கள் பஞ்சாயத்து போர்டின் பிரசவ விடுதியில் நர்ஸ். போடி கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். மதுரையில் மருத்துவச்சிப் பயிற்சி முடித்தவர். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் கணவரை விட்டு வந்துவிட்டார். ஏன் என்பதற்கு ஊரில் நாலு கதைகள் உண்டு. அவர் எதையும் மறுத்ததில்லை.

1957-ல் போர்டு ஒரு தீர்மானம் போட்டது. செவ்வாய்க்கிழமை பிற்பகலில் வாசகசாலையின் பின்னறை திறந்திருக்கும். வீட்டில் மனக்கசப்பு உள்ளவர்கள், பிள்ளைகளோடு ஒத்துப்போகாதவர்கள் வந்து பேசலாம். நர்ஸம்மா கேட்பார், குமாஸ்தா பதிவு செய்வான். அந்தக் குமாஸ்தா நான்; எங்கள் குடும்பத்தில் முதலில் பி.ஏ. முடித்தவன். அந்தப் படிப்பு எனக்கு எதைக் கற்றுக்கொடுத்தது என்று தெரியாமல் திரிந்த காலம் அது.

ஊரார் அந்த அறையைக் கோர்ட்டுக் கச்சேரி என்று நினைத்தார்கள். புருஷன் பெண்டாட்டி வந்தால் கூடவே இரண்டு பக்கத்து உறவும் வந்தது. ஜெயபாக்கியம் உறவையெல்லாம் வெளியே மர நிழலில் உட்கார வைப்பார். உள்ளே கேட்டுக்கொண்டிருப்பாரே தவிர, ஒருநாளும் தீர்ப்பு சொன்னதில்லை. அது எனக்கே குறையாகப் பட்டது.

ஆடி மாதத்தில் சோலையம்மாள் வழக்கு வந்தது. தேவாரத்துப் பெண், பத்தொன்பது வயது. மலையில் ஏலத் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்தில் வாழப்போனவள், ஆறே மாதத்தில் அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. அன்று அவள் மலையேறாவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பதாக மாமனார் அமாவாசை சொல்லிவிட்டார்.

அவளையும் கணவன் சின்னமுத்துவையும் உள்ளே விட்டு ஜெயபாக்கியம் கதவைச் சாத்தினார். அரைமணி போயிற்று.

"உள்ள என்னதான் நடக்குது?" என்றார் அமாவாசை. "புருஷன விட்டு வந்தவ, எம் மருமகளுக்குப் புத்தி சொல்றாளாக்கும்!"

கதவு பாதி திறந்தது. "புத்தி எங்கிட்ட ஏது மாமா? நானே கடன் வாங்கித்தான் காலத்த ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டு ஜெயபாக்கியம் மறுபடி சாத்திக்கொண்டார். பெண் வீட்டார் பக்கம் சிரிப்பு எழுந்தது. அமாவாசை, கதவுக்கு வெளியே இருந்த என் மேசைக்கு வந்தார்.

"படிச்ச புள்ள நீ. ஒரு சீட்டு எழுதி முத்திரை வையி, அப்பு. வெரசா முடியும். போடிமெட்டு ஜீப்பு போயிருச்சுன்னா ராத்திரிக்கு எங்க தங்குறது?"

சோலையம்மாளின் தாய்மாமனும் தலையாட்டினார். எல்லாரும் என் பேனாவையே பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. ‘மேற்படி சோலையம்மாள் இன்றே கணவருடன் சென்று ஒற்றுமையாக வாழ்ந்துவர வேண்டியது’ என்று எழுதி போர்டு முத்திரையைக் குத்தினேன்.

அமாவாசை அதைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினார். "தீர்ப்பு ஆயிருச்சு. கெளம்பு, ஆத்தா."

ஜெயபாக்கியம் சீட்டை வாங்கிப் படித்தார். கோபப்படவில்லை. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இவளுக்கு எழுத்து தெரியாது. வாசிச்சுக் காட்டுங்க" என்றார்.

வாசித்தேன். ‘மேற்படி’ என்ற இடத்திலேயே என் குரல் இறங்கிவிட்டது.

சோலையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "இதுல நான் சொன்னது ஒண்ணுமே இல்லையே."

"நீ என்னத்தடி சொன்ன?" என்றார் வாசலுக்கு வந்துவிட்ட தாய்மாமன்.

"அங்க எங்கூடப் பேச ஒரு ஆளு இல்ல, மாமா. லயத்துல எல்லாம் மலையாளம் பேசுறவுக. இவரு விடியமின்ன ஏலம் காயப்போடுற ஸ்டோருக்குப் போனா, வந்து சாப்ட்டுப் படுத்துருவாரு. மழையில ஒரு மாசம் நான் வாயத் தொறக்கல."

"அட, இதுக்கா ஒருத்தி வீட்ட விட்டு வருவா!" அமாவாசை சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை.

சின்னமுத்து தரையைப் பார்த்தபடி சொன்னான். "எனக்கும் இப்பத்தான் தெரியும், அய்யா. அந்தச் சீட்டு வேணாம். கீழ் எஸ்டேட்டுல நம்ம பக்கத்து ஆளுக இருக்காக. அங்க சோலி கேட்டுப் பாக்குறேன்."

"கெடைக்கலேன்னா?" என்றார் அமாவாசை.

"கெடச்சா வர்றேன்" என்றாள் சோலையம்மாள். "இல்லேன்னா இவரு எறங்கி வரட்டும்."

அவள் தேவாரத்துக்கும் அவன் மலைக்குமாகத் தனித்தனியே போனார்கள். இரண்டு வீட்டாரும் போர்டுத் தலைவரிடம் போய், அறையால் ஒரு பிரயோசனமும் இல்லை என்றார்கள். தலைவர் என்னைக் கேட்டார். சீட்டு எழுதியது என் தப்பு என்று மட்டும் சொன்னேன். அறையைத் தை மாதம் வரைக்கும் விட்டுவைத்தார்.

ஐப்பசியில் ஒருநாள் இருவரையும் போடிமெட்டு ஜீப் நிற்குமிடத்தில் பார்த்தேன். கீழ் எஸ்டேட்டில் அவனுக்குக் களையெடுக்கும் சோலி கிடைத்திருந்தது. கூலி முன்னைவிடக் குறைவு. அன்று ஜெயபாக்கியம் ஒரு பிரசவம் பார்க்கப் போயிருந்தார். திரும்பியதும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"யாரும் இழுத்துட்டுப் போனாகளா, அவளா ஏறுனாளா?"

"அவளாத்தான். பெட்டி அவன் தலையில. ஜீப்பு கெளம்புற வரைக்கும் அவ பேசிக்கிட்டே இருந்தா."

"அவன்?"

"கேட்டுக்கிட்டு இருந்தான்."

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.