கலகத்தின் பழம்

ஜொகூரில் நான் படித்த பல்கலைக்கழகத்தின் தமிழ்க் கழகத்துக்கு நான் தலைவரான கதை பெருமைக்குரியதல்ல. தேர்தல் நடந்தபோது கழிவறைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் தட்டினேன்.

கழகம் அப்போது குற்றுயிராகக் கிடந்தது. வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கும் மேல். கூட்டத்துக்கு வருவது ஒன்பது பேர். தீபாவளி விருந்தன்று மட்டும் பிரியாணியை மோப்பம் பிடித்து மண்டபம் நிறைய வருவார்கள். மாணவர் விவகாரப் பிரிவின் அதிகாரி, நாங்கள் புவான் என்று அழைக்கும் மலாய்க்கார அம்மா, சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார்: அடுத்த மாத ஆண்டுக் கூட்டத்தில் முப்பது பேர் இல்லாவிட்டால் கழகத்தை மூடிவிடுவோம், அறைச் சாவியைத் தந்துவிடு.

அந்த அறையில் இருந்தது ஒரு மின்விசிறியும் கால் உடைந்த மேசையும்தான். ஆனாலும் வளாகத்தில் வாய்விட்டுத் தமிழ் பேச எங்களுக்கென்று இருந்த ஒரே இடம் அது. என் காலத்தில் மூடினார்கள் என்ற கெட்ட பெயர் வேறு வரும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு யாராயிருந்தாலும் ஆள் சேர்க்க ஓடியிருப்பார்கள். நான் தரத்தை உயர்த்தப் போனேன். தரம் இருந்தால் ஆள் தானாக வரும் என்பது என் சித்தாந்தம். லாபிஸ் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் செய்யுள் ஒப்பித்துக் கோப்பை வாங்கியவன். மண்டைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்? இரண்டு விதிகள் போட்டேன். ஒன்று, பெரட்டு. தோட்டத்தில் காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அது. பெரட்டு முடிந்து வந்தால் வராத கணக்குதான். இரண்டு, புதியவர் பழையவர் எல்லோரும் ஒரு தமிழ்ப் பத்தியை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு இங்கே இடமில்லை. அன்றிலிருந்து என்னைக் கங்காணி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

விதிகளை இரண்டு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தேன். செனாய் ஊர்க்காரி, என் வகுப்புத் தோழி. கழகத்தில் ஏதாவது வேலை நடந்திருந்தால் அது அவள் செய்ததாகத்தான் இருக்கும். அறிவிப்புப் பலகையில் அவள் இரண்டாம் தாளை முதலில் ஒட்டி, முதல் தாளை அதற்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள்.

"கண்ண எங்க வெச்சிருக்க?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"அவசரத்துல ஒட்டிட்டேன் லா," என்றாள்.

தேர்வுக்கு ஆள் கூட்டி வந்ததும் அவள்தான். விடுதி விடுதியாக ஏறி இறங்கி நாற்பது பேரைப் பிடித்து வந்தாள். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஏழு பேரைத் தேற்றினேன். மற்றவர்களை அனுப்பிவிட்டு, வேடிக்கைக்காகத் தாளை அவளிடம் நீட்டினேன்.

"செயலாளரே, நீங்களும் படிச்சிருங்க."

அவள் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது."

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்க வீடு இருக்கிற தாமான் பக்கம் தமிழ்ப்பள்ளி இல்ல. அம்மா மலாய்ப் பள்ளியில போட்டாங்க. பேசத் தெரியும், பாடத் தெரியும், உன்னவிட நல்லா திட்டவும் தெரியும். படிக்கத்தான் தெரியாது. நீதான் ரூல் போட்டுட்டியே, முடிஞ்சுது லா."

சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு வருடமாக அவள் கூட்டக் குறிப்புகளை ஆங்கில எழுத்தில்தான் எழுதிவந்தாள். கைப்பேசிப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். தாள்கள் ஏன் இடம் மாறின என்பதும் அப்போதுதான் உறைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றே உட்கார்ந்து நீளமாக ஒரு மன்னிப்புச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டதாக நீலக் குறி விழுந்தது. ஒரு வாரமாகியும் பதில் இல்லை. இவ்வளவு இறங்கி வந்தும் இவ்வளவு திமிரா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஆண்டுக் கூட்டம் சனிக்கிழமை மதியம். நான் தேற்றிய ஏழு மாணிக்கங்களில் வந்தது இரண்டு. புவான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வேறு வேலையில்லாமல் அந்தச் செய்தியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாற்பது வரி. அத்தனையும் தூய தமிழில், தமிழ் எழுத்தில்.

அலமாக்!

விழுந்தடித்துக்கொண்டு பெண்கள் விடுதிக்கு ஓடினேன். அவள் ஒரு பட்டாளத்தோடு அப்போதே மண்டபத்துக்குப் போய்விட்டாள் என்றார் காவலாளி. வேறு பாதையில் போயிருக்க வேண்டும். மேட்டில் திரும்ப ஓடியதில் செருப்பு அறுந்தது.

நான் நுழைந்தபோது பெரட்டு முடிந்திருந்தது. தேர்வில் நான் விரட்டிய கூட்டம் உட்கார்ந்திருந்தது. முன்னால் அவள், பெயர்ப் பட்டியலோடு.

"இருபத்தொம்போது," என்றாள். "பெரட்டு முடிஞ்சு வந்தா வராத கணக்கு. யாரு போட்ட ரூல்?"

"நான்தான். சேத்துக்க, ப்ளீஸ். மூடிடுவாங்க."

நான் நிற்பது புவானுக்குத் தெரியத்தான் செய்தது. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால்தான் எண்ணுவேன் என்று சொல்லிவிட்டார்.

அவள் ஒரு தாளை நீட்டினாள். "படி, பாக்கலாம்."

ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு தமிழ் வரி. எனக்கு அந்த எழுத்து என்றைக்குமே ஆகாது. அவளுடைய குறிப்புகளில் படிக்காமலேதான் கையெழுத்துப் போடுவேன். அதில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. மூச்சு வாங்க, முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டினேன்.

"இந்தக்... கலகத்தின்... பழம்... நாங்கள்."

மண்டபம் வெடித்தது. அவள் எழுதியிருந்தது 'இந்தக் கழகத்தின் பலம் நாங்கள்' என்று. செய்யுளுக்குக் கோப்பை வாங்கியவன் ஒரே வரியில் கழகத்தைக் கலகமாக்கி, பலத்தைப் பழமாக்கிவிட்டேன். ஒன்றும் புரியாத புவானும் சேர்ந்து சிரித்தார்.

"பெயில்," என்றாள் அவள். சிரிப்பு நின்றது. "ஆனா படிக்கத் தெரியாதவங்களுக்கும் இங்க இடம் இருக்கு."

பட்டியலில் கடைசியாக என் பெயரை எழுதினாள். முப்பது. முகம் எரிந்தது, ஆனாலும் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. முதல் தீர்மானமாக என் இரண்டாம் விதியைத் தூக்கி எறிந்தார்கள். பெரட்டு மட்டும் இன்னும் நடக்கிறதாம்.

எல்லோரும் போன பிறகு அவள் கைப்பேசியை என் முன் நீட்டினாள்.

"இதுல என்னா எழுதிருக்க? யாருகிட்டயும் காட்டல. நீயே சொல்லு."

நாற்பது வரியையும் மேலிருந்து கீழே பார்த்தேன்.

"மன்னிச்சிருன்னு எழுதிருக்கேன்."

"இவ்ளோ நீளத்துக்கா?"

"மிச்சமெல்லாம் அலங்காரம்."