பெனிட்டா தவறாகக் கொடுத்த பாராட்டு

போன வாரம் பண்ணைக்காட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது பழைய மாணவி ஒருத்தி அழைத்தாள். "மிஸ், பெனிட்டா மிஸ் போயிட்டாங்க மிஸ்" என்று தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நான் செத்தால் இவள் இப்படி அழுவாளா என்றுதான் தோன்றியது. பெனிட்டாவைத் தெரிந்த உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

கொடைக்கானலில் எங்கள் கல்லூரியில் கணினிக் கட்டமைப்புப் பாடத்தைப் பல வருஷம் நடத்தியவள் நான். கரும்பலகையில் படம் போடுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். என்னைவிட இளையவளான பெனிட்டா வந்ததும் பாடம் அவள் கைக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பெஞ்சில் கூட்டல் சுற்று, அடுத்த பெஞ்சில் நினைவகம், நடுவே வயர்கள் என்று வகுப்பறையையே ஒரு கணினியாக்கிவிட்டாள். "கையில சூடு பட்டாத்தான் பாடம் ஏறும்க்கா" என்பாள். மணி அடித்தும் அவள் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள். என் வகுப்பில் மணிக்கு முன்பே பைகளை மூடிவிடுவார்கள்.

பெற்றோர் முன்னால் அதை இயக்கிக் காட்ட ஏற்பாடானது. முந்தின நாள் சும்மா எட்டிப் பார்த்தேன். பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே வைத்துக் கணினி போடும் கூட்டலில் மீதி ஒன்றை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் வயரை ஒரு துளை தள்ளிச் செருகியிருந்தார்கள். பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு நன்றாக மூக்குடைபடட்டும் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் மூன்றும் ஒன்றும் இரண்டு என்று விளக்கு எரிந்தது. அரங்கமே சிரித்தது, நானும்தான். பெனிட்டா பதறவில்லை. "ஒண்ணும் அவசரமில்ல, நிதானமாப் பாருங்க" என்றாள். பேத்துப்பாறையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி வயர் வயராகத் தடவிக்கொண்டே போய், "ஏ புள்ள, இது ஒரு ஓட்ட தள்ளிக் கெடக்கு!" என்று கத்தினாள். மாற்றிச் செருகியதும் நான்கு வந்தது.

கைதட்டல் அடங்கியதும் பெனிட்டா மைக்கைப் பிடித்தாள். "நேத்து அக்கா இந்தத் தப்பப் பாத்துட்டாங்க. இதே வயர உத்துப் பாத்துட்டு நின்னத நான் வாசல்லருந்து கவனிச்சேன், ஏன்னு இப்பத்தான் புரியுது. நானா இருந்தா படக்குன்னு சொல்லிக் கெடுத்திருப்பேன். பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்னு பேசாமப் போனாங்க பாருங்க, அதான் டீச்சர்!"

எல்லாரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் எழுந்து கும்பிட்டேன். பிறகும் புதிதாக வரும் ஆசிரியர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒருநாளும் மறுக்கவில்லை.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பாராட்டு ஒன்றுதான். அது எனக்குச் சேராதது என்று அவள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். என் வன்மத்தை நேரில் பார்த்தும் அவளுக்கு அது நல்லதாகத்தான் தெரிந்திருக்கிறது. அடிப் பாவி, அந்த மனசின் மேல்தான் எனக்கு இன்னமும் பொறாமை.