முருகன் கேட்காத விரதம்

எங்க வீட்டுக்காரர் குணாளனை, சிம்பாங் ரெங்கத்துல இருக்கற அவரோட சொந்தபந்தமெல்லாம் சாமியார் கணக்கா பார்ப்பாங்க. மூணு வருஷமா வெங்காயம் பூண்டு தொடாத மனுஷன், கல்யாண வீட்ல கூட வெறும் சோத்துல உப்பு போட்டுச் சாப்பிட்டு எந்திரிக்கற மனுஷன், முருகனுக்கு அப்படி ஒரு விரதம்னு பேச்சு. அத்தனையும் பொய். அந்தப் பொய்யை முதல்ல சொன்னவ நான்தான். சொல்லிட்டேன், இனி என்னை என்ன வேணா நினைச்சுக்குங்க.

அவர் தம்போய்ல கம்பெனி பஸ் ஓட்டறார். விடியறதுக்கு முன்னாடி ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போய் பாசிர் கூடாங் பேக்டரியில இறக்கணும். நாப்பது பேர் உட்கார்ந்திருக்கற பஸ்ஸைப் பாதி வழியில நிறுத்திட்டு டாய்லட்டுக்கு ஓடினா எத்தனை நாளைக்குப் பொறுப்பாங்க? வழியில எந்த பெட்ரோல் ஸ்டேஷன்ல டாய்லட் பூட்டிக் கிடக்கும், எதுல திறந்திருக்கும்னு அவருக்கு மனப்பாடம். ஒரு நாள் ரோட்டு ஜேம்ல மாட்டிக்கிட்டார். முடியல, சீட்லயே போயிடுச்சு. வீட்டுக்கு வந்து கால்சட்டையை அவரே துவைச்சார், என்னைத் தொடவே விடல. "யார்கிட்டயும் சொல்லிடாதே"ன்னு மட்டும் சொன்னார். நாப்பத்தஞ்சு வயசு ஆம்பள அப்படிக் கெஞ்சினதை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல.

ஆஸ்பத்திரியில எல்லா டெஸ்டும் எடுத்தாங்க. புண்ணும் இல்ல, கட்டியும் இல்ல, ஐ.பி.எஸ்.னு ஒரு குடல் கோளாறு, ஆளைக் கொல்லாது, ஆனா சாப்பாட்டைப் பார்த்துத்தான் சமாளிக்கணும்னாங்க. வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை, பால் எல்லாத்தையும் ஆறு வாரம் நிறுத்தி, அப்புறம் ஒண்ணொண்ணா சேர்த்துப் பார்க்கச் சொன்னாங்க. பார்த்தோம். சப்பாத்தி ஒண்ணு ரெண்டு தாங்குச்சு, தேத்தண்ணியில கொஞ்சம் பாலும் தாங்குச்சு. வெங்காயம், பூண்டு, பருப்பு மூணுமே ஆகல. வெங்காயம் வதக்காம என்னத்தைச் சமைக்கறது? இஞ்சியும் சீரகமும் போட்டு மீனைக் கொதிக்க வச்சு, ஒரு மாசம் அடுப்பைத் திட்டிக்கிட்டே சமைச்சேன். ஆனா அவர் வயிறு அடங்குச்சு.

டாக்டர் கடைசியா ஒண்ணு சொன்னார். மலத்துல ரத்தம் வந்தாலோ, காரணமே இல்லாம உடம்பு இளைச்சாலோ அது இந்த வியாதி இல்ல, ஒரு நாள்கூட தள்ளாம வந்துடுங்கன்னார். ஆகாத சாமான் பட்டியலோட அதையும் ஒரு தாள்ல எழுதி பிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சேன்.

அந்த வருஷத் தீபாவளிக்கு அவரோட அண்ணன் அர்ச்சுனன் வீட்டுக்குப் போனோம். அண்ணி கிருஷ்ணம்மா அக்கா ஆட்டுக்கறி பெரட்டல் வச்சிருந்தாங்க. அவங்க வீட்ல சாப்பிடலன்னா அன்னைக்கோட உறவு போச்சு. இவர் இலையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார், நெத்தியில வேர்வை. அக்கா கரண்டியைத் தூக்கினதும் என் வாய் தானா சொல்லிடுச்சு: "அவருக்கு வேணாங்க்கா. முருகனுக்கு வேண்டுதல். கறி, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்கறதில்ல."

கரண்டி அப்படியே பின்னால போச்சு. மூணு தடவை வேணாம்னாலும் விடாதவங்க, அவருக்குத் தனியா வெறும் சோறு கொண்டுவந்து பயபக்தியா வச்சாங்க. அலமாக், இவ்வளவு சுலபமான்னு இருந்துச்சு எனக்கு.

அதுக்கப்புறம் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதைதான். அர்ச்சுனன் மாமாவும் அக்காவும் எங்க வீட்டுக்கு வர்றாங்கன்னா, பிரிட்ஜுல இருக்கற மீனை எடுத்துப் பக்கத்து வீட்ல குடுத்து வைப்பேன். கதவுல இருக்கற தாளையும் கிழியாம உரிச்சு டிராயருக்குள்ள போடுவேன்.

மாமாவுக்குத் தம்பி முன்னெல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடினதெல்லாம் தெரியும். போன வருஷம் தைப்பூசத்துக்கு வந்தப்போ கேட்டார்: "என்னடா தம்பி, இப்பல்லாம் ஓடறதில்லையே?"

இவர் என்னைப் பார்த்தார். "எல்லாம் முருகன் புண்ணியம்ணே"ன்னார்.

மாமா தலையை ஆட்டிக்கிட்டார்.

அடுத்த மாசமே மாமாவும் விரதம் ஆரம்பிச்சுட்டார்னு அக்கா போன்ல சந்தோஷமா சொன்னாங்க. தீபாவளிக்குப் போனப்போ ஆள் பாதியாயிருந்தார். பெல்ட்ல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருந்தார். "விரதம் இருந்தா இளைக்கத்தானே செய்யும்"னு அக்கா சொன்னாங்க. நானும் ஆமான்னேன். பிரிட்ஜ் கதவுல என் கையாலயே எழுதி ஒட்டினவ, ஆமான்னு சொன்னேன். என் புத்தியை எதால அடிக்கறது?

மார்கழியில மாமா குளியலறையில மயங்கி விழுந்தார். குடல்ல புத்துநோய், கல்லீரல் வரைக்கும் போயிடுச்சுன்னாங்க. பத்து மாசமா மலத்துல ரத்தம் போயிருக்கு. அக்காகிட்டகூட சொல்லல.

நாங்க ஆஸ்பத்திரியில போய் நின்னப்போ மாமாவுக்குப் பேச்சு தெளிவா இருந்துச்சு. இவர் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"உன்னை மாதிரியே நானும் இருந்து பார்த்தேன்டா. ஒரு நாள் தப்பல. உனக்குக் குடுத்தான், எனக்குக் குடுக்கல. நான் என்னடா குறை வச்சேன்?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மையைச் சொல்லாம விட்டா, மாமா தன் சாமி தன்னைக் கைவிட்டுட்டான்னு நினைச்சுக்கிட்டே போவார். சொன்னா, தம்பி வீட்டுப் பொய்யை நம்பித்தான் போறேன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போவார். ரெண்டுல எது பாவம்னு எனக்கு இன்னிக்கும் தெரியல.

"அண்ணே, நான் விரதமே இருக்கல"ன்னார் இவர். "எனக்குக் குடல்ல கோளாறு. டாக்டர்தான் வெங்காயத்தை நிறுத்தச் சொன்னார். வெக்கமா இருந்துச்சுண்ணே, அதான் முருகனைச் சொன்னேன். வீட்ல மீனெல்லாம் சாப்பிடறேன்."

கால்மாட்டுல நின்ன அக்காவோட மூஞ்சியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரல. மாமா கண்ணை மூடிக்கிட்டார். அழறாரோன்னு நினைச்சேன். அப்புறம் மெதுவா கேட்டார்:

"அப்ப முருகனுக்கு என் மேல கோவம் இல்லையா?"

"இல்லண்ணே."

"சரி"ன்னார். கொஞ்சம் கழிச்சு, "என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா, நான் உன் அண்ணன்தானே"ன்னார். அவ்வளவுதான். எட்டாம் நாள் போயிட்டார்.

பதினாறாம் நாள் வரைக்கும் அக்கா எங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசல. கருமாதிக்குப் பொந்தியான்ல இருந்து அவங்க சித்தப்பா சபாபதி வந்திருந்தார். இவர் இலையில வெறும் சோத்தைப் பார்த்துட்டு, "இன்னிக்குக்கூட விரதமா? அண்ணன் சோறு, ஒரு வாய் சாம்பார் ஊத்திக்க தம்பி"ன்னு வாளியை நீட்டினார். இவர் குனிஞ்சு சோத்துல குழி பண்ணிக்கிட்டார். ஊத்தினா அந்தச் சாம்பாரைக் குடிச்சிருப்பார், எனக்குத் தெரியும்.

அக்கா கூடத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து நடந்து வந்தாங்க. கையில ஒரு சின்னக் கிண்ணம். அதுல இருந்த கத்திரிக்காயை இவர் இலையில வச்சாங்க.

"விரதமெல்லாம் இல்ல, சித்தப்பா. இவருக்கு வயித்துல வியாதி. பருப்பும் வெங்காயமும் ஆகாது. விடுங்க."

சபாபதி "அப்படியா"ன்னுட்டு வாளியோட அடுத்த இலைக்குப் போயிட்டார். யாரும் சிரிக்கல, யாரும் திரும்பிக்கூட பார்க்கல.

அக்கா என் பக்கம் குனிஞ்சாங்க. "நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடுமா?"ன்னு கேட்டாங்க. அடுப்படிக்குப் போயிட்டாங்க. இவர் அழுதுக்கிட்டே அந்தக் கத்திரிக்காயைச் சாப்பிட்டார். அதுல வெங்காயம் இல்ல.