பவளக்காவுக்கு வந்துருச்சாம்

இன்றைக்கு மத்தியானம் என் மடிக்கணினி மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றுவிட்டது. எது அதன் உயிரை வாங்குகிறது என்று பார்க்க, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களின் பட்டியலைத் திறந்தேன். சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சை இலை இருந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கணினி தானாகவே அவற்றின் வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறது என்பதற்கான அடையாளமாம். பக்கத்து மேசைக்காரர்தான் சொன்னார். எனக்கு அது முதலில் வெறும் இலையாகத்தான் தெரிந்தது. அதுவும் முத்தல் இலை. எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரிமுத்துக் கங்காணி பார்த்திருந்தால் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதைப் பொறுக்கி எறிந்திருப்பார்.

அலுவலகத்தில் இப்போதெல்லாம் எனக்கு எதிலும் பெரிய அக்கறை இல்லை. வயதா, கொழும்பு வெக்கையா, தெரியவில்லை. ஆனால் அந்த இலையைப் பார்த்த பிறகு வேலை ஓடவில்லை. கணினியின் ஓரத்திலிருந்து சூடான காற்று வந்தது; தூசி லேசாகக் கருகுகிற வாசனை. அந்த வாசனை என்னை வட்டவளைக்கு மேலே அந்தத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அட்டனில் ஆறு மாதம் கணினி வகுப்புக்குப் போயிருந்தேன், அவ்வளவுதான் என் படிப்பு. ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் இரண்டு பழைய கணினிகளைக் கொடுத்து, ஓடைக்கரையில் சும்மா கிடந்த ஸ்டோர் அறைக்கு வெள்ளையடித்து, ‘கணினி நிலையம்’ என்று பலகை மாட்டியது. என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அன்றிலிருந்து நான் மாஸ்டர். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இரண்டாவது வாரம் யாராவது மாஸ்டர் என்று கூப்பிடாவிட்டால் கோபம் வந்தது.

அரசாங்க மின்கம்பி அந்த மலைக்கு அப்போது ஏறவில்லை. தோட்டத்துச் சனமும் கீழே கிராமத்துச் சிங்கள ஆட்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, ஒரு சின்ன மெஷினைச் சுழற்றிக் கரண்டு எடுத்தார்கள். மெஷின் கொட்டிலிலிருந்து புறப்படும் கம்பி முதலில் எங்கள் நிலையத்துக்கு வரும். பிறகு தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள்: பள்ளத்தில் பணிய லயம், அதற்குப் பிறகு மேட்டு லயம். மேட்டு லயத்தின் கடைசி வீடு, அதாவது தொங்கல் காம்பரா, பவளக்காவுடையது. கம்பியின் தலையில் நான், வாலில் அவர். மழைக்காலத்தில் தலைக்கும் வாலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஓடை சுருங்கினால்தான் தெரியும். அப்போதும் எனக்குத் தெரியாது, என் விளக்கு நன்றாகத்தானே எரிந்தது.

பவளக்காவுக்கு முப்பத்து நான்கு வயது. பகலெல்லாம் கொழுந்தெடுப்பு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர், அந்த வருடம் தனியாக விண்ணப்பம் போட்டு சாதாரண தரப் பரீட்சை எழுதப்போவதாகச் சொன்னபோது லயமே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். காரணம் இருந்தது. தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளை மடுவத்துக்குப் பொறுப்பாளர் வேலை காலியாகியிருந்தது. அதற்கு அந்தப் பரீட்சையில் தேற வேண்டும், கணக்குப் பாடம் கட்டாயம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். ஆக, அவருக்கு இருந்தது அந்த ஒரு மார்கழி மட்டும்தான். அட்டைக்கடியும் முதுகுக் கூடையும் இல்லாத ஒரு வேலையை அவர் வாழ்க்கையில் அவ்வளவு கிட்டத்தில் கண்டதில்லை.

ஒருநாள் மாலை புத்தகத்தோடு வந்து நிலையத்து வாசலில் நின்றார்.

“தம்பி, இங்கன ஓரமா ஒக்காந்து வாசிச்சுக்கிறவா?”

எல்லாருக்கும் நான் மாஸ்டர், அவருக்கு மட்டும் தம்பி. அது எனக்குள் கொஞ்சம் குத்தும். வீட்டில் என்ன என்று கேட்டேன்.

“ஆறர மணிக்கு நீங்க கம்ப்யூட்டரப் போட்டதும் எங்க லைட்டு செத்துப் போயிருதுங்க. லாம்பு ஏத்துனா சின்னவளுக்குப் பொக ஆகாது, இழுப்பு வந்துரும்.”

குறையாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்பதுபோல ஒரு தகவலாகத்தான் சொன்னார். அன்றைக்கு உட்கார்ந்து வாசித்தார். ஆனால் இழுப்புக்காரப் பிள்ளையை விட்டுவிட்டுத் தினமும் அவ்வளவு தூரம் இறங்கி வர முடியுமா?

என்னிடம் அப்போது ஒரு மென்பொருள் இருந்தது. அட்டன் நடைபாதையில் வாங்கிய குறுந்தட்டில் வந்தது. கணினியின் மூளை எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, எவ்வளவு சூடாகிறது, எத்தனை வாட் கரண்டு குடிக்கிறது என்று திரையின் மூலையில் காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு சின்னக் குமிழ் உண்டு. அதை வலப்பக்கம் இழுத்தால் வேகம் கூடும், இடப்பக்கம் இழுத்தால் குறையும். உண்மையைச் சொன்னால், வலப்பக்கம் இழுக்கத்தான் வாங்கினேன். ஒருமுறை இழுத்துக் கணினி சூடேறிச் செத்து, பிழைத்தது. இடப்பக்கமும் ஒரு பக்கம் இருக்கிறது என்று அந்த அக்கா வந்து நின்றபிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் மாலை சோதித்துப் பார்த்தோம். மேட்டு லயத்தில் விளக்கு வந்ததா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? தொலைபேசி ஏது? பாதி வழியில் மாரிமுத்துக் கங்காணியின் வீடு இருந்தது. பெரட்டுக் களத்தில் நாற்பது வருடம் பேர் கூப்பிட்டு, மலை முழுக்கச் சிதறி நிற்கும் ஆட்களை வேலை வாங்கிய குரல் அவருடையது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் இருந்தது. பவளக்கா மேலேயிருந்து அவருக்குக் கத்த, அவர் எனக்குக் கத்துவதாக ஏற்பாடு. நான் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குமிழைக் கொஞ்சம் இழுத்தேன்.

“இன்னும் இல்லையாம்! கொறைங்க மாஸ்டர்!”

இன்னும் கொஞ்சம்.

“சொணங்குதாம்! கொறைங்க, கொறைங்க!”

இரண்டு கணினியிலும் முக்கால்வாசி வேகத்தைப் பிடுங்கிய பிறகு மேலே ஒரு சத்தம். கங்காணி அதை வாங்கித் தன் குரலில் இறக்கினார்.

“பவளக்காவுக்கு வந்துருச்சாம்!”

லயமே கைதட்டியது. இரண்டு கணினியிலும் சேர்த்து நாற்பது வாட் மிஞ்சியிருந்தால் பெரிது. நகரத்தில் அதை யாரும் மதிக்கமாட்டார்கள். அந்த மலையில் அது நாலு வீட்டு விளக்கு.

அன்றிலிருந்து தினமும் ஆறரைக்கு அதுதான் எங்கள் மணியோசை. கணினியைப் போடுவேன், சன்னலைத் திறப்பேன், மேலிருந்து வரும் சத்தத்துக்குத் தக்கபடி குமிழை இழுப்பேன். கணினியோ ஆமையாகிவிட்டது. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வந்துசேர்வதற்குள் ஒரு வாய் வெற்றிலை போட்டுவிடலாம். படிக்க வந்த பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். குமிழ் நிற்கும் இடத்துக்கு ‘பவளக்கா ஸ்பீடு’ என்று பெயரும் வைத்தார்கள். எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. நான் செய்வது இன்னொருவர் வீட்டில் வெளிச்சமாகத் தெரிகிற வேலை எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழை ஏமாற்றியது. கார்த்திகையிலேயே ஓடை கல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அப்போது பார்த்துத் தொண்டு நிறுவனத்திலிருந்து பெரியவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று செய்தி. ஆமைக் கணினியை அவர்களுக்குக் காட்ட எனக்கு வெட்கம். மென்பொருளில் ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு ‘சரி’ போட்டுவிட்டால், கணினி திறக்கும்போதே முழு வேகத்தில் திறக்கும். போட்டேன். கங்காணியிடமும் போய்ச் சொன்னேன்.

“பெரிய ஆளுங்க வாறாங்க. சத்தம் போட வேணாங்க கங்காணி.”

“சரிங்க மாஸ்டர்,” என்றார்.

வந்தார்கள். கணினி மின்னலாய் ஓடியது. முதுகில் தட்டினார்கள். குளிரும் தூசியும் இயந்திரத்துக்கு ஆகாது, சன்னலை மூடி வையுங்கள் என்றார்கள். மூடினேன். போய்விட்டார்கள். நான் அந்தக் கட்டத்தில் போட்ட ‘சரி’யை எடுக்கவில்லை. மறுநாளும் கணினி வேகமாகத்தான் ஓடியது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். ஏன் இவ்வளவு வேகம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. முதுகில் தட்டியது இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. வெளியே சத்தம் எதுவும் வராததால், மேலே எல்லாம் சரியாக இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

பவளக்கா பரீட்சை எழுதி முடித்த மறுநாள்தான் எதற்கோ அந்த மென்பொருளைத் திறந்தேன். அது கணினியின் வேகத்தை நாள் நாளாகக் கோடு கிழித்துச் சேமித்து வைக்கும். அதுவரை நான் பார்த்ததே இல்லை. முன்பெல்லாம் மாலையானால் கோடு படியிறங்கித் தாழ்ந்து போயிருந்தது. அந்தக் கடைசி ஒன்பது மாலைகளில் அது இறங்கவே இல்லை. உச்சியில், இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி நேராக நின்றது. கங்காணி வீட்டுக்கு ஓடினேன்.

“பவளக்கா தெனமும் கத்துச்சுங்க. நாந்தான் அடக்கி வச்சேன்.”

“ஏங்க?”

“நீங்கதானே சத்தம் போட வேணாம்னீங்க? அப்புறம் போடுங்கன்னு சொல்லலியே.”

அவர் முகத்தில் குழப்பம்தான் இருந்தது. தோட்டத்தில் மேலேயிருந்து வந்த உத்தரவு, மேலேயிருந்து ரத்தாகும்வரை உத்தரவுதான். தொரை சொன்னாலும் கண்டாக்கு சொன்னாலும் அவர் அப்படித்தான் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். என்னையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார். மாஸ்டர் என்று கூப்பிடவில்லை என்று கோபப்பட்டவனுக்கு இது வேண்டியதுதான்.

அந்த ஒன்பது மாலைகளும் பவளக்கா, பிள்ளைக்குப் புகை படாமல் இருக்க, லாம்பை எடுத்துக்கொண்டு வெளியே இஸ்தோப்பில், அந்தத் திறந்த திண்ணையில், மார்கழிக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து படித்தாராம். காற்று அடித்தால் லாம்பு அணைந்துவிடுமாம். இதையும் கங்காணிதான் சொன்னார்.

நான் திரும்பி வந்து அந்தக் கோடுகள் இருந்த கோப்பை அழித்தேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனாலும் அழித்தேன்.

முடிவு வந்தது. மற்றப் பாடம் எல்லாவற்றிலும் தேறியிருந்தார். கணக்கில் போய்விட்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“அது லைட்டுனால இல்ல தம்பி. எனக்குக் கணக்கு எப்பவும் வராது.”

அது எனக்கு வசதியாக இருந்ததால் நம்பினேன். பிள்ளை மடுவத்துக்கு வெளியிலிருந்து ஒருவரைப் போட்டார்கள். பவளக்கா மறுபடி மலைக்கு ஏறினார். ஒன்றரை வருடத்தில் நானும் கொழும்புக்கு இறங்கிவிட்டேன்.

நாலு வருடத்துக்கு முன் மாரிமுத்துக் கங்காணியின் கருமாதிக்குப் போயிருந்தேன். மெஷின் கொட்டிலுக்குக் கூரை இல்லை. நிலையத்தில் யாரோ உரமூட்டை அடுக்கியிருந்தார்கள். அரசாங்கக் கம்பி வந்து வெகுநாளாகிறது. பவளக்கா வீட்டில் பட்டப்பகலில் குழல் விளக்கு எரிந்தது. நான் வந்ததற்காகப் போட்டாராம். சாயத்தண்ணி கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி அட்டையை நீட்டினார்.

“என்னைக்கு வரச் சொல்லியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. வெளிச்சத்துக்குக் கொறையில்ல, கண்ணுதான் புடிபட மாட்டேங்குது.”

தேதியை வாசித்துச் சொன்னேன். பிறகு என்னால் அடக்க முடியவில்லை. அந்த ஒன்பது நாளையும், போட்ட ‘சரி’யை எடுக்காததையும் சொன்னேன்.

“மாஸ்டர் சத்தம் போட வேணாம்னுட்டாருன்னு கங்காணி சொன்னாரு. ஒங்களுக்கு எங்களோட அலுத்துப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“ஐயோ, இல்லக்கா. மறந்துட்டேன்.”

“மறந்துட்டீங்களா?”

டம்ளரை வாங்கிக்கொண்டார்.

“அலுத்துப் போனீங்கன்னா கோவிச்சுக்கலாம் தம்பி. மறந்து போனா என்னா பண்றது.”

இருபது வருடத்தில் எனக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான். அவர் சிரித்துக்கொண்டே, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுப்பிவிட்டார்.

இப்போது கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, தானாகவே கூட்டிக்கொள்கிறது. யாருக்காகக் குறைக்கிறது என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குறைங்க என்று கத்த ஆளில்லை, வந்துருச்சு என்று சொல்லவும் ஆளில்லை. அந்த இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், என்ன நினைத்தேனோ, எழுந்துபோய்ச் சன்னலைத் திறக்கப் பார்த்தேன். இந்தக் கட்டடத்தில் சன்னல்கள் திறக்காதவை. ஆறு வருடமாக இங்கே இருக்கிறேன், இன்றைக்குத்தான் கவனித்தேன்.