லாட்ஜ் சோப்பு

சோப்பு என்ற சொல் எங்கிருந்து வந்தது, பொருள் என்ன, பயன் என்ன என்று ஒரு பக்கம் எழுதி வரப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள் என்று என் மகள் வந்து நின்றாள். வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். போனைப் பார்த்து எழுது என்றேன். பார்த்து வாசித்தாள். ரோமாபுரியில் ஏதோ ஒரு மலையாம். அங்கே பலி கொடுத்த ஆட்டின் கொழுப்பும் சாம்பலும் மழையில் கரைந்து ஆற்றில் சேர்ந்ததாம். அந்த ஆற்றில் துணி துவைத்தால் அழுக்கு நன்றாகப் போனதாம். மலையின் பெயரே சோப்புக்கு வந்துவிட்டதாம். இது வெறும் கதை என்றும் அதிலேயே கீழே போட்டிருந்தது.

மலையாவது ஆறாவது. எங்கள் வீட்டுக்குச் சோப்பு வந்தது அப்பாவின் சட்டைப் பையில்.

அப்பா தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை பெருக்கினார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். மலையாள மண்ணுக்குப் பிழைக்க வந்தவர்கள் நாங்கள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரே வரிசையில் ஏழு வீடுகள், ஏழுக்கும் பொதுவாக ஒரு குழாய். அம்மா, அப்பா, நான், அப்பாவின் தங்கை என்று நான்கு பேர் ஒரு வீட்டில்.

எங்களிடம் இரண்டு சொற்கள் இருந்தன. துணிக்குப் போடும் மஞ்சள் கட்டி சவுக்காரம். உடம்புக்குப் போடுவது சோப்பு. சவுக்காரத்தைக் கடையில் வாங்குவோம். சோப்பை வாங்கியதே இல்லை. லாட்ஜில் தங்குகிறவர்கள் குளித்துவிட்டுப் போட்டுவிட்டுப் போகும் சில்லுகளை அப்பா கொண்டுவருவார். பிரிக்காத சோப்பைத் தொடமாட்டார். அது திருட்டு, இது மிச்சம் என்பார். அம்மா அந்தச் சில்லுகளைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊறவைத்து, ஒட்டியிருக்கும் முடியை ஊசியால் எடுத்துப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து உருட்டிக் காயவைப்பாள். பச்சை, வெள்ளை, ரோஸ் எல்லாம் கலந்த உருண்டை. யார் யார் உடம்பிலோ தேய்ந்தது. அதைத் தேய்த்துத்தான் நான் வளர்ந்தேன். எனக்கு அதில் வெட்கம் எதுவும் இருக்கவில்லை. ஒன்பது வயதில் அது அழகான உருண்டை, அவ்வளவுதான்.

அத்தைக்கு அப்போது இருபத்து நான்கு. துணிக்கடையில் சேலை எடுத்துப் போடும் வேலை. ஒரு தரகர் அவளுக்கு விதுராவிலிருந்து இடம் கொண்டுவந்தார். பொன்முடிக்குப் போகும் சாலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தமிழ் ஆள். நாற்பது தாண்டியவர். முதல் மனைவி இறந்துவிட்டாள். அவருடைய அம்மாவைப் பார்த்துக்கொள்ளவும் கடையில் உட்காரவும் ஓர் ஆள் வேண்டும், நகை நட்டு எதுவும் வேண்டாம் என்று சொன்னார்கள். அப்பாவுக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. அத்தை ஒரே ஒருமுறை வேண்டாம் அண்ணா என்றாள். உன்னை யார் கேட்டது என்றார் அப்பா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தரகர் அங்கே போய் அப்பாவை லாட்ஜ் மேனேஜர் என்று சொல்லிவைத்திருந்தார். அப்பா அதைத் திருத்தவில்லை. கல்யாணம் முடிந்தபின் தெரிந்தால் என்ன என்று அம்மாவிடம் சொன்னார். பிறர் குளித்த சோப்பைக் கொண்டுவருவதற்குக்கூட நியாயம் வைத்திருந்த மனிதர் அவர். இந்தப் பொய்க்கு ஒரு நியாயமும் தேடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, அவர் தாய்மாமன். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். மலையாளத்தில் ஒருவரிடம் குழைந்து பேசுவதைச் சோப்பிடுவது என்பார்கள். அன்று அப்பா அதைத்தான் செய்தார். மாப்பிள்ளையின் கடையை, அவர் ஊர்க் குளிரை, அவர் அம்மாவின் ஆரோக்கியத்தைக்கூடப் புகழ்ந்தார். மாப்பிள்ளை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவரிடமும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

கேசரியும், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும், காப்பியும் வந்தன. தாய்மாமன் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு வந்தது. அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி. பழம்பொரி எண்ணெய் கையெல்லாம் பிசுபிசுத்ததால் அவர்கள் கை கழுவ எழுந்தார்கள். அதற்கென்றே அம்மா சந்தன வாசனைச் சோப்பு ஒன்று புதிதாக வாங்கி, உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாள். எடுத்துப்போய்க் குழாயடியில் வை என்று என்னை அனுப்பினாள்.

அடுக்களைப் பக்கம் நின்றிருந்த அத்தை என் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி, புதுச எடுக்கண்டாம். உருண்டையக் கொண்டுபோய் வை. ஏதும் கேட்டா உள்ளதச் சொல்லு. பொய் சொல்லப்படாது, கேட்டியா?”

சரி என்றேன். பொய் சொல்லக்கூடாது என்று பள்ளியிலும் சொல்லியிருந்தார்கள்.

உருண்டையைத் திண்டில் வைத்துவிட்டு, வாளித் தண்ணீரும் கப்புமாக நின்றேன். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் கையில் எடுத்தார். உருட்டிப் பார்த்தார். என் அம்மாவின் ஊசிக்குத் தப்பிய ஒரு நீள முடி அதிலிருந்து வெளியே வந்தது. அதை இழுத்துக்கொண்டே, இது என்னது மக்களே என்று கேட்டார்.

“சோப்பு. அப்பா லாட்ஜில இருந்து எடுத்துட்டு வரும். ஆளுங்க குளிச்ச மிச்சம்.”

“உங்க அப்பா மேனேஜர்லா?”

“இல்ல. ரூம் பெருக்கும்.”

அவர் உருண்டையைக் கீழே வைத்தார். வெறும் தண்ணீரில் கையை மூன்று முறை கழுவினார். பெரிதாகச் சத்தம் எதுவும் போடவில்லை. உள்ளே போய்த் தன் தம்பி, அந்தத் தாய்மாமன் காதில் சொன்னார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தாய்மாமன் எழுந்தார். பகல் மூன்று மணிக்கு.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அப்பா வாசலில் சிரித்தபடி நின்றார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“யாரு உன்ன அத வைக்கச் சொன்னது?”

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் குனிந்து காப்பி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. சொன்னால் இவளுக்கும் அடி விழும், இரண்டு பேர் எதற்கு என்று தோன்றியது.

“நானாத்தான் வச்சேன்.”

இரண்டு கன்னத்திலும் விழுந்தது. முதுகில் எத்தனை என்று தெரியவில்லை. அம்மா நடுவில் புகுந்து அவளும் வாங்கினாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாய் என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். நான் நம்பினேன். சொன்னவர் அப்பா, நம்பாமல் என்ன செய்வது? அத்தை வாழ்க்கை என்னால் போயிற்று என்று பத்துப் பன்னிரண்டு வருடம் சுமந்தேன். வேறு இடம் அமையாமல் போகும்போதெல்லாம் அத்தையின் கண்ணில் படாமல் நகர்ந்துவிடுவேன். அத்தை அதே துணிக்கடையில் பில் போடும் இடத்துக்கு உயர்ந்தாள். தனியாக அறை எடுத்தாள். ஒருநாள்கூட என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். அடி வாங்கியது நான். இன்றும் அந்த ஒரு விஷயத்தில் அவள்மேல் எனக்குக் கோபம்தான். போய்க் கேட்கவும் எனக்குத் தெம்பில்லை.

அன்று அப்பா சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே போனபின், அம்மா சுவரோரம் படுத்துக்கொண்டாள். நான் மூலையில் விக்கிக்கொண்டிருந்தேன். அத்தை பழம்பொரித் தட்டை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு ஒன்று கொடுத்தாள். மிச்சம் ஐந்து இருந்தது. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், நுனியில் கருகிய மாவைக்கூட விடாமல், ஐந்தையும் தின்றாள். விரலைச் சூப்பினாள். மனம் ஒடிந்துபோனால் இப்படித்தான் பசிக்கும்போல என்று நினைத்து, எனக்குத் தந்ததையும் அவள் தட்டிலேயே வைத்தேன்.